ஒன்று... சைபர்... ஒன்று!

ட்ரிங்...! ட்ரிங்...!

சின்னாங்கரடு ஆரம்ப சுகாதார நிலையத்தின் பழைய தொலைபேசி அலறியது.

டாக்டர் எழிலரசி சூட்கேஸைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். மணி பத்து ஐந்து.

'புது டாக்டர்தான்! கடத்தூர்ல இறங்கி வழி கேக்கறார் போல!'

ரிசீவரைப் பிடுங்கினாள்.

"ஹலோ! தமிழ்ச்செல்வன் டாக்டரா? எங்க இருக்கீங்க?"

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும். பின்னால் எங்கோ ஒரு பெண் குரல் எதையோ கனிவாக ஒப்பித்துக்கொண்டிருந்தது.

பிறகு ஓர் ஆண் குரல். வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

"புது டாக்டரைத் தேடாதீங்க."

"யா... யாரு நீங்க?"

"இந்த ஊருக்கு எழிலரசி டாக்டர்தான் வேணும். அவங்க ஊரைத் தாண்டினா புது டாக்டர் உயிரோட திரும்ப மாட்டார். ஏரிக்கரையில போய்ப் பாருங்க!"

டொக்.

எழிலரசி ரிசீவரை வைக்க மறந்து நின்றாள்.

அவளுக்கு வயது இருபத்தொன்பது. இரண்டு வருடம் கிராமத்தில் வேலை செய்வதாக எழுதிக் கொடுத்த பாண்டு நேற்றோடு முடிந்தது. சேலத்தில் குழந்தை மருத்துவம் மேற்படிப்புக்கு சீட் கிடைத்திருக்கிறது. மூன்று முறை பரீட்சை எழுதி, தூக்கம் கெட்டு வாங்கிய சீட்!

சேர வேண்டிய கடைசி நாள்... இன்று. கடைசி நேரம்... மாலை ஐந்து மணி.

ஆனால், புது டாக்டர் வந்து சார்ஜ் பேப்பரில் கையெழுத்துப் போட்டால்தான் அவள் இங்கிருந்து விடுபட முடியும். அந்தப் பேப்பர் இல்லாமல் போனால் சேலத்தில் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்தப் புது டாக்டரைத்தான் எவனோ கடத்திவிட்டான்!

"ராணியம்மா...!" என்று கத்தினாள். "போலீஸுக்குச் சொல்லணும்! பிரபாகர் அண்ணனைக் கூப்பிடுங்க!"

* * *

பதினொன்றரைக்கு எஸ்.ஐ. சவரி வந்தார். முப்பத்தைந்து வயது. நிறைய மீசை, கொஞ்சம் பொறுமை.

மேஜைமேல் ஒரு வெள்ளைக் கோட்டை விரித்தார்.

"ஏரிக்கரையில ஒரு பைக் சாஞ்சு கிடந்துச்சு. ஹேண்டில்ல இந்தக் கோட்டு. பைல டாக்டர் தமிழ்ச்செல்வனோட ஆர்டர் காப்பி. ஆளைக் காணோம்."

கோட்டின் மார்புப் பகுதி முழுக்கக் கறை!

"அய்யோ... ரத்தம்!" ராணியம்மாள் வாயில் அடித்துக்கொண்டாள். இருபத்தாறு வருடமாக அந்த ஆஸ்பத்திரியைக் கூட்டிப் பெருக்குகிறவள். பிரசவ அறையில் பார்க்காத ரத்தமா? ஆனாலும் அலறினாள்.

"கத்தாதம்மா! இதைக் கேளுங்க. கோட்டுப் பாக்கெட்ல இருந்துச்சு."

எஸ்.ஐ. ஒரு காகிதத்தைப் பிரித்துப் படித்தார். இடது கையால் எழுதியது போலக் கோணல்மாணலான எழுத்து.

'டாக்டர் தமிழ்ச்செல்வன் எங்கள் பிடியில் இருக்கிறார். எழிலரசி டாக்டரை மாற்றக் கூடாது. மாற்றினால் பிணம்தான் வரும். அதுவரை அவரைக் கொடுமைப்படுத்த மாட்டோம். சாப்பாடு 1-0-1. இப்படிக்கு, சின்னாங்கரடு பொதுமக்கள்.'

"பொதுமக்களா?" வாசலில் நின்ற தீர்த்தகிரி பதறினார். முன்னாள் ஊராட்சித் தலைவர். பதவி போய் நாளாகியும் ஊரில் இன்னும் 'தலைவரே'தான். "சார், நாங்க யாரும் எழுதலீங்க!"

"அப்படியா? போன வெள்ளிக்கிழமை வழியனுப்பு விழாவுல மைக்கைப் புடிச்சு என்ன பேசுனீங்க?"



"அது... ஒரு பேச்சுக்கு..."

"'டாக்டரம்மாவை விடமாட்டோம், வேற எவன் வர்றான்னு பாத்துடறேன்'னு இருநூறு பேர் முன்னாடி பேசியிருக்கீங்க! வீடியோ எங்கிட்ட இருக்கு!"

"பாசத்துல பேசினதுங்க சார்!"

"பாசம் இப்ப ரத்தக்கறையா வந்து நிக்குது!" எஸ்.ஐ. ராணியம்மாள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, டாக்டரோட ஸ்கூட்டி சாவி போன வாரம் காணாமப் போச்சாமே?"

"நாந்தாங்க ஒளிச்சு வெச்சேன்." ராணியம்மாள் தலையைக் குனிந்தாள். "கேவுரு மாவு டப்பாவுல. மனசு கேக்கலீங்க. அப்புறம் நானே எடுத்துக் குடுத்துட்டேன்."

"பிரமாதம்! ஊரே கூட்டுக் களவாணி! சரி, இந்த ஒன்னு... சைபர்... ஒன்னு என்ன? நூத்தியொன்னு!" எஸ்.ஐ.யின் கண்கள் பளிச்சிட்டன. "வண்டி நம்பர்! கடத்தின கூட்டத்துல எவனோ மனசு கேக்காம க்ளூ குடுத்திருக்கான். சாப்பாட்டு வண்டி... நம்பர் நூத்தியொன்னு!"

வயர்லெஸ்ஸில் பறந்தது உத்தரவு. மாவட்டத்தில் நூற்றியொன்றில் முடிகிற வண்டி எதுவும் நகரக் கூடாது!

"சார்..." எழிலரசி பேப்பரை நீட்டினாள். "அஞ்சு மணிக்குள்ள நான் சேலத்துல இருக்கணும். பஸ்ல ரெண்டரை மணி நேரம் ஆகும். என்னை மட்டும்..."

"மன்னிக்கணும் மேடம். நீங்க கிளம்பி, அங்க அவரை எவனாச்சும் ஏதாச்சும் பண்ணிட்டா? அந்த உயிருக்கு யார் பொறுப்பு? ஆள் கிடைக்கற வரைக்கும் யாரும் இங்கிருந்து நகர முடியாது!"

அவரே எழுந்து போய் கேட்டைச் சாத்தினார்.

க்ளிக்!

பூட்டு விழுந்தது.

* * *

மணி பதினொன்று ஐம்பது.

எழிலரசி தன் அறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கேட்டுக்கு வெளியே ஊரே உட்கார்ந்திருந்தது. கைக்குழந்தைக்காரிகள், மாத்திரைச் சீட்டுக்காரர்கள், சும்மா வந்தவர்கள். அவள் ஜன்னலில் தெரிந்ததும் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. திட்டினாலாவது எகிறிக் குதித்து ஓடலாம். கும்பிடுகிறவர்களை எப்படித் தாண்டிப் போவது?

உள்ளே பூட்டு. வெளியே கும்பிடு. சுவரில் கடிகாரம்.

"என்னை உட்ருங்க ராணியம்மா..." குரல் உடைந்தது. "ரெண்டு வருசம் லீவே எடுக்காம பாத்தேன்ல? இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

ராணியம்மாள் சூட்கேஸைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"நீ போவணும் கண்ணு. போய் பெரிய படிப்பு படிக்கணும். சாவியைக் குடுத்தப்பவே நான் மனசைத் தேத்திக்கிட்டேன். ஆனா ஒன்னு சொல்றேன்... எம் மருமவ கோகிலவாணிக்கு வலி கண்டப்ப இங்க டாக்டரு இல்ல. போர்டுல 'கேம்ப்'னு எழுதிப் போட்டிருந்தாங்க. கேம்பு எங்க? ஆளே ஓடிப்போய் ஒரு மாசம் ஆவுது! வேன்ல ஏத்தினோம். தருமபுரி போய்ச் சேரலியே தாயி. தாயும் போச்சு, புள்ளையும் போச்சு. நீ வர்றதுக்கு முன்னாடி நாலு வருசத்துல ஆறு டாக்டரு வந்து ஓடிட்டாங்க. ஒருத்தரு பதினோரு நாள்தான் இருந்தாரு. நீதான் ரெண்டு வருசம் நின்னே. அதான் இந்த சனம் இப்படி உக்காந்திருக்குது."



இந்த ஜனங்களா ஒரு டாக்டரைக் குத்திக் கிழித்திருப்பார்கள்?

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேஜைக்குப் போனாள். கோட்டை எடுத்தாள்.

மொடமொடவென்று இருந்தது. கஞ்சி போட்டு இஸ்திரி செய்த கோட்டு. பாவம், அவனுடைய அம்மா ஆசையாகப் போட்டுக் கொடுத்திருப்பாள்.

கறையை உற்றுப் பார்த்தாள்.

நடுவில் கரும்பழுப்பு. ஓரமெல்லாம்... நீலம்!

"எஸ்.ஐ. சார்! இங்க வாங்க!"

சவரி ஓடி வந்தார். "நீலமா இருக்கே... விஷமா?"

"மோந்து பாருங்க."

முகர்ந்தார். மீசை சுருங்கியது.

"ஆஸ்பத்திரி வாசனை..."

"பெட்டாடின்! புண்ணுக்குப் போடற மருந்து. அதுல அயோடின் இருக்கு. அயோடின் கஞ்சியில பட்டா நீலமாகும். எட்டாங்கிளாஸ் பாடம் சார்! இது ரத்தமே இல்ல!"

எஸ்.ஐ. அசந்து நின்றார். அசந்த வேகத்திலேயே நிமிர்ந்தார்.

"அப்போ... பெட்டாடின் வெச்சிருக்கறவன்தான் குற்றவாளி! இங்க மருந்து யார் பொறுப்பு?"

"பிரபாகர் அண்ணன். பார்மசிஸ்ட்."

"கூப்பிடுங்க அவரை!"

பிரபாகர் வந்தார். பதினெட்டு வருடமாக அந்த மருந்து ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர். மூக்குக்கண்ணாடி, மூக்கின் நுனியில்.

"பெட்டாடின் பாட்டில் எதுவும் குறையலீங்க. வேணும்னா எண்ணிக்கோங்க." சொல்லிக்கொண்டே மேஜையில் இருந்த கடிதத்தை எடுத்தார். கையில் யார் சீட்டைக் கொடுத்தாலும் படித்துவிடுகிற பழக்கம்.

கண்ணாடிக்கு மேலாக எழிலரசியைப் பார்த்தார்.

"சாப்பாடு காலையில ஒன்னு, ராத்திரி ஒன்னு. மதியம் கிடையாது. சரி... எத்தனை நாளைக்குன்னு போடலீங்களே டாக்டர்?"



"என்ன... என்ன சொன்னீங்க?" எஸ்.ஐ. திணறினார்.

"ஒன்னு-சைபர்-ஒன்னுங்க சார். காலை, மதியம், ராத்திரி. தினம் முந்நூறு சீட்டு பாக்கறேன், எனக்குத் தெரியாதா? மாத்திரைக்குத்தான் எழுதுவாங்க. சோத்துக்கு எழுதி இப்பத்தான் பாக்கறேன்."

எழிலரசி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"சார்... கையை மாத்தி எழுதலாம். பழக்கத்தை மாத்த முடியுமா? கடத்தினவன் எவனும் இப்படி எழுத மாட்டான். இதை எழுதினது ஒரு டாக்டர்!"

"எந்த டாக்டர்? இங்க நீங்க ஒருத்தர்தானே..." எஸ்.ஐ. பாதியில் நிறுத்தினார். மீசை மெல்லத் துடித்தது. "அடப்பாவி! தன்னைத் தானே கடத்திக்கிட்டானா?"

"இந்த ஊருக்கு வராம தப்பிக்க! கடத்தின ஊருக்கே திரும்பப் போங்கன்னு மேலிடத்துல சொல்ல மாட்டாங்கல்ல? 'உயிருக்கு ஆபத்து'ன்னு சொல்லி டவுன்ல போஸ்டிங் வாங்கிடலாம்!"

"படிச்ச படிப்பு..." தீர்த்தகிரி பல்லைக் கடித்தார். "அவரு தப்பிக்கறதுக்கு எங்க ஊரு பேரை நாறடிக்கறதா? இது பேப்பர்ல வந்தா இனி எந்த டாக்டருங்க இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுப்பாங்க?"

"ஆள் எங்க இருக்கான்னு தெரியணுமே!" எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "போன் எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டிருக்கேன். சாயங்காலம் ஆகும்ங்கறாங்க."

சாயங்காலம்! எழிலரசி கண்ணை மூடினாள். அந்தப் போன் குரலை மனசுக்குள் திரும்ப ஓட்டினாள். மூச்சு... துணி... பின்னால் அந்தப் பெண் குரல். கனிவான குரல்...

கனிவான!

துள்ளி எழுந்தாள்.

"'பயணிகளின் கனிவான கவனத்திற்கு'! ரயில்வே ஸ்டேஷன் சார்! மொரப்பூர்!"

எஸ்.ஐ. ஏற்கெனவே ஸ்டேஷன் நம்பரை அடித்துக்கொண்டிருந்தார். இரண்டு வார்த்தை கேட்டார். முகம் மலர்ந்தது.

"பத்து மணிக்கு வர வேண்டிய பெங்களூர் வண்டி மூணு மணி நேரம் லேட்டாம்! ஒரு மணிக்கு வருது. இப்ப பன்னண்டேகால். ஏறுங்க ஜீப்புல! மேடம், சூட்கேஸையும் எடுத்துக்கோங்க!"

கேட் திறந்தது. ஜனம் வழி விட்டது. ஓ.பி. சீட்டுகளோடு பிரபாகர் மட்டும் நின்றுவிட்டார்.

* * *

மொரப்பூர். மணி பன்னிரண்டு ஐம்பத்திரண்டு.

பிளாட்பாரத்தில் எண்பது பேர் இருந்தார்கள். அதில் மாஸ்க் போட்ட இளைஞர்கள் மட்டும் ஆறு பேர்!

"இதுல யாரு?" எஸ்.ஐ. தூணுக்குப் பின்னால் பதுங்கிக் கிசுகிசுத்தார். "போட்டோ ஏதாச்சும்?"

எழிலரசி உதட்டைப் பிதுக்கினாள். "வாட்ஸ்அப்ல சூரியகாந்திப் பூதான் வெச்சிருக்கார்."

"ஒவ்வொருத்தனா விசாரிச்சா மிரண்டு ஓடிருவான். வண்டி வேற வந்துரும்..."

வண்டி வந்துவிட்டால் அவன் போய்விடுவான். அவன் போனால் சீட்டும் போய்விடும்!

எழிலரசி ராணியம்மாளைப் பார்த்தாள். ராணியம்மாள் எழிலரசியைப் பார்த்தாள். இரண்டு வருடம் ஒரே பிரசவ அறையில் வேலை பார்த்தவர்களுக்கு வாய் திறக்க வேண்டியதில்லை.

ராணியம்மாள் பிளாட்பாரத்தின் நடுவில் போய் நின்றாள். நெஞ்சைப் பிடித்தாள்.

"யப்பா...!"

தடால்!

"அய்யோ! யாராச்சும் டாக்டர் இருக்கீங்களா?" எழிலரசி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அலறினாள். "மூச்சு வரலீங்க! டாக்டர் யாராச்சும்...!"

கூட்டம் சுற்றி நின்றது. ஒரு மாஸ்க் போனை நோண்டியது. இன்னொரு மாஸ்க் வீடியோ எடுத்தது.

மூன்றாவது மாஸ்க், ஒரு சிமெண்ட் பெஞ்சில் இருந்து பாதி எழுந்தது. உட்கார்ந்தது. மறுபடி எழுந்தது.

தூரத்தில் ரயிலின் ஊதல் கேட்டது!

அவன் ரயில் வரும் திசையைப் பார்த்தான். கீழே கிடந்தவளைப் பார்த்தான்.

"நகருங்க! காத்து விடுங்க! நகருங்கன்னு சொல்றேன்ல!"

பையை வீசிவிட்டு ஓடி வந்தான். மண்டியிட்டான். ராணியம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"பல்ஸ் இருக்கு... ஆயா, கண்ணைத் திறங்க. என்ன பண்ணுது?"

ராணியம்மாள் கண்ணைத் திறந்தாள். அவன் மணிக்கட்டை அவள் பிடித்தாள். இருபத்தாறு வருடம் பக்கெட் தூக்கிய கை. உடும்புப் பிடி!

"ஒன்னும் பண்ணல சாமி. மதியச் சோறு சாப்பிட்டீங்களா டாக்டரு?"

* * *

பெங்களூர் வண்டி வந்தது. நின்றது. போயேபோய்விட்டது.

ஸ்டேஷனுக்கு வெளியே ஜீப்பில் சாய்ந்து நின்ற தமிழ்ச்செல்வனுக்கு இருபத்தாறு வயது. மாஸ்க்கைக் கழற்றியதும் பதினாறு போலத் தெரிந்தான்.

"சின்னாங்கரட்டுல முன்னாடி இருந்துட்டுப் போன டாக்டர் ஒருத்தர் சொன்னார்... கரண்ட் நிக்காது, நெட் கிடைக்காது, ஞாயித்துக்கிழமை கிடையாது... மதியம் ஒரு வாய் சோறு கூட கிடைக்காதுன்னு. பயந்துட்டேன் சார். பாண்டு உடைச்சா லட்சக்கணக்குல கட்டணும். அப்பாவால முடியாது. ரெண்டு வருஷம் மாட்டிக்குவேனேன்னுதான் பைக்கை ஏரிக்கரையில போட்டுட்டு பஸ் ஏறி இங்க வந்தேன்..."

"அதுக்கு?" எழிலரசி வெடித்தாள். "என்னை மாட்டிவிட்டா பரவாயில்லையா? என் மூணு வருசத்து உழைப்பு இன்னிக்கு அஞ்சு மணிக்குக் காலி ஆகியிருக்கும்!"

"சாரி மேடம்..."

"வெச்சுக்கோங்க உங்க சாரியை! கையெழுத்தைப் போடுங்க!"

ஜீப்பின் பானெட்டில் சார்ஜ் பேப்பர் விரிந்தது. தமிழ்ச்செல்வன் கிறுக்கினான்.

எஸ்.ஐ. விலங்கை எடுத்தார். "பொய்த் தகவல், மிரட்டல், போலீஸை அலைய விட்டது... நூத்தியொன்னு நம்பர்னு ஒரு மாப்பிள்ளை காரையே நிறுத்தி வெச்சிருக்கேன்யா! முகூர்த்தமே தள்ளிப்போச்சு! தலைவரே, புகார் எழுதிக் குடுங்க!"

தீர்த்தகிரி எஸ்.ஐ. கையிலிருந்த மிரட்டல் கடிதத்தை மெதுவாக வாங்கினார். மடித்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"புகாரா? எதுக்குங்க?"

"யோவ்! உங்க ஊரு பேரைக் கெடுத்திருக்கான்!"

"டாக்டரை ஜெயில்ல போட்டா ஊசி யாருங்க போடுவாங்க? உங்க வூட்லயும் அடுத்த மாசம் தேதி குடுத்திருக்குதுன்னு கேள்விப்பட்டேன்..."

எஸ்.ஐ. சவரி விலங்கைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். வீட்டில் ஒன்பதாம் மாதத்தில் இருக்கும் மனைவியை நினைத்தார்.

விலங்கு சத்தமில்லாமல் பைக்குள் போனது. உடனே வயர்லெஸ்ஸை எடுத்து மாப்பிள்ளை காரை விடுவித்தார்.

தமிழ்ச்செல்வனுக்கு உயிர் வந்தது. "ரொம்ப தேங்க்ஸ்ங்க! அப்ப நான்... கிளம்பலாங்களா?"

"எங்க கிளம்பறது?" தீர்த்தகிரி சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "டாக்டர் எங்கள் பிடியில்னு நீங்கதான் உங்க கைப்பட எழுதிக் குடுத்திருக்கீங்க. இப்படிக்கு பொதுமக்கள்னும் போட்டிருக்கீங்க. எழுதினது பொய்யாப் போவக் கூடாதுல்ல? நீங்க என்னிக்கு ஊரை உட்டு ஓடறீங்களோ, அன்னிக்கு இந்தக் காயிதம் எஸ்.ஐ. சார் கைக்குப் போவும். அது வரைக்கும் பத்திரமா எங்கிட்ட இருக்கும்."

தமிழ்ச்செல்வன் ஓட வழி தேடினான். ஒரு பக்கம் போலீஸ். ஒரு பக்கம் தலைவர். மணிக்கட்டில் இன்னும் ராணியம்மாள்.

"அவங்க நல்லவங்க..." எழிலரசியின் குரல் தணிந்திருந்தது. "ரெண்டாவது மாசம் நானும் ஓடப் பாத்தேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்துட்டேன். அங்க ஒரு குழந்தைக்கு ஜன்னி. திரும்பி வந்துட்டேன். உங்களுக்கும் அதே வியாதிதான் டாக்டர். அங்க வண்டி வருதுன்னு தெரிஞ்சும் பையை வீசிட்டு ஓடி வந்தீங்களே... பாத்தேன்."

எதிர் பிளாட்பாரத்தில் சேலம் வண்டி வந்து நின்றது. மணி ஒன்று நாற்பது. நான்கு மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடலாம்!

ராணியம்மாள் ஒற்றைக் கையால் அவள் கன்னத்தைத் தொட்டாள். மற்றக் கை பிடியை விடவில்லை.

"போயிட்டு வா கண்ணு. புள்ளைங்க டாக்டரா திரும்பி வா."

எழிலரசி அழுதுகொண்டே ஓடினாள். விடுதலை இவ்வளவு வலிக்கும் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

* * *

மணி இரண்டு முப்பது. சின்னாங்கரடு.

ஜீப் நின்றதும் கேட் திறந்தது. தமிழ்ச்செல்வன் இறங்கியதும் மூடியது. நூற்றைம்பது பேர் எழுந்து கும்பிட்டார்கள். 

டாக்டர் அறைக்குள் நுழைந்தான். மேஜைமேல் ஸ்டெதஸ்கோப். பக்கத்தில் வாழையிலை. இலையில் ஆவி பறக்கும் களி உருண்டை, நாட்டுக்கோழிக் குழம்பு, அவித்த முட்டை இரண்டு.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காதவன் தன்னை மறந்து உட்கார்ந்தான். நாலு வாய்க்குப் பிறகுதான் மூச்சு விட்டான்.

இலைக்குப் பக்கத்தில் ஒரு மருந்துச் சீட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. இடது கையால் பிரித்தான்.

'சாப்பாடு 1-1-1.'

நிமிர்ந்தான். மருந்து ஜன்னலுக்குப் பின்னால் பிரபாகரின் கண்ணாடி மின்னியது.

"இது... எத்தனை நாளைக்குங்க?"

"பின்னாடி திருப்பிப் பாருங்க டாக்டர். நாங்க உங்களை மாதிரி அதை எழுதாம உட மாட்டோம்... எழுநூத்து முப்பது நாளைக்கு!"